ஏரியில் இருக்கிறார் நீதிபதி

டிசம்பர் 3, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். செனட்டர் கிரிம்ஸ்டாட் இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது நான் மளிகைக் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லாப் பெண் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். எல்லோரும் குல்லாயைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். கழற்றிய கையோடு தள்ளுவண்டியை நடுவழியில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். ஐம்பத்து நாலு வயதுக்காரன் ஓடக்கூடாத ஓட்டம். வாசல் பனியில் வழுக்கி விழுந்து, எழுந்து மறுபடியும் ஓடினேன்.

காரணம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. 'அடுத்து யார்?' என்று ஒரு பட்டியல், மூன்று வருடமாகத் தயார். செனட்டருக்கு எண்பத்தொன்று, இருமல் வேறு. நடுவில் இருக்கை காலியானால் அடுத்த தேர்தல்வரை அதில் உட்கார ஓர் ஆளை எங்கள் ஆளுநர் நியமிப்பார். அது யாராக இருக்கும் என்று சனிக்கிழமை தோறும் பேப்பரில் வம்புப் பத்தி எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிற தொழில். ஆவலாக எடுத்துப் பார்த்தால், பட்டியலில் இருந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் செனட்டரை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தார்கள். அடித்தேன். ஏழு மீதம்.

"ஏழு பேரையும் விசாரிச்சியா?" என்றாள் பெவர்லி, எங்கள் பத்திரிகை ஆசிரியை.

"விசாரிச்சேன்."

விசாரிக்கவில்லை. எல்லோரையும் எனக்குத் தெரியும். தெரிந்தவர்களை எதற்கு விசாரிப்பது?

டிசம்பர் 5, சனி

பட்டியல் வந்துவிட்டது. காலையில் சந்துமுனைக் காபிக் கடையில் என் பத்தியை விரித்து வைத்துக்கொண்டு நாலு பேர் சண்டை. வங்கித் தலைவரா, பழைய மேயரா, ஆளுநரின் மைத்துனரா என்று. ஆச்சரியம், பட்டியலில் நாலாவது பேர்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எல்மர் ஆஸ்பி, ஓய்வுபெற்ற நீதிபதி, நாற்பது மைல் தள்ளி ஏரிக்கரையில் வீடு.

"ஆஸ்பின்னா தங்கமான மனுஷன்யா."

"எப்ப பாத்தீங்க அவரை?"

"பாக்கலையே. அதனாலதான் சொல்றேன்."

டிசம்பர் 6, ஞாயிறு



மத்தியானம், தேவாலயத்து மீன் விருந்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து படுத்திருந்தேன். ஜோனல் வந்து எழுப்பினாள். "யாரோ ஒரு அம்மா. உன் பத்தியைப் படிச்சாங்களாம்." என் மனைவி இப்படிச் சொன்னால் வழக்கமாகத் திட்டுக் காத்திருக்கும்.

"லைல்தானே? நான் ஆர்டிஸ் ஆஸ்பி. உங்க பத்தி படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க."

"நன்றிங்க. நீதிபதி என்ன சொல்றார்?"

"அவர் ஒண்ணும் சொல்லலை. மார்ச் மாசமே இறந்துட்டார்."

நான் சிரித்தேன். கடவுளே, சிரித்தேன். அப்புறம் ஆர்டிஸ் பொறுமையாகச் சொன்னார். குளிருக்காக இருவரும் அரிசோனா போயிருந்தபோது மாரடைப்பு. பேப்பரில் போடாதே என்று அவர் முன்பே சொல்லியிருந்தாராம். அங்கேயே தகனம் முடித்து, அக்டோபரில் இவர் தனியாக ஊர் திரும்பியிருக்கிறார்.

திருத்தம் போட்டுவிடுகிறேன், மன்னியுங்கள் என்று உளறினேன்.

"போடாதீங்க," என்றார். "நேத்து மத்தியானத்திலிருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அவரைக் கேக்கறாங்க. ஆளுநர் ஒரே ஒரு தடவை அவரைக் கேக்கட்டும், இந்த இருக்கை வேணுமான்னு. கேட்டதுக்கு அப்புறம் நானே சொல்லிடறேன்."

"இறந்தவரை எப்படிங்க கேப்பாங்க?"

"அவங்களுக்குத்தான் தெரியாதே."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? பெரிய இரக்கம் ஒன்றும் இல்லை. பிணத்தைச் செனட்டுக்குச் சிபாரிசு செய்தவன் என்று தெரிந்தால் பெவர்லி அன்றைக்கே என் பத்தியைப் பிடுங்கிவிடுவாள். ஆளுநர் பதினெட்டாம் தேதி அறிவிக்கிறார். பன்னிரண்டு நாள். அதுவரை அந்த அம்மாளுக்கு அவருடைய கேள்வி, எனக்கு என் பத்தி.

டிசம்பர் 8, செவ்வாய்

ஆளுநரின் செயலாளர் கிளென் சாப்பிடக் கூப்பிட்டார். அவரே கூப்பிட்டது இந்த எட்டு வருடத்தில் முதல் தடவை.

"நீதிபதி பேரை எப்படிய்யா மோப்பம் பிடிச்சீர்?"

"தொழில் ரகசியம்."

"ஆளுநருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நானும் ரெண்டு தடவை பேசிட்டேன் அவர்கிட்ட."

கரண்டி என் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. "பேசினீங்களா?"

"பேசினேன்னா... ஏரிக்குப் போயிருக்கேன், சேதி சொல்லி வைங்க, கூப்பிடறேன்னார். மத்தவன் எல்லாம் என் வீட்டு வாசல்லயே படுத்துக் கிடக்கறான். இவர் மீன் பிடிக்கப் போயிட்டார். அதுதான்யா பெரிய மனுஷத்தனம்."

அலுவலகம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு நீதிபதி வீட்டு எண்ணைச் சுழற்றினேன். ஆறு தடவை மணி அடித்து, ஒரு சொடுக்கு. பிறகு நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். "எல்மர் ஆஸ்பி. ஏரியில இருக்கேன். சேதி சொல்லி வைங்க. கட்டாயம் கூப்பிடறேன்."

பதிவு இயந்திரம்தான். ஆர்டிஸ் அதை மாற்றவில்லை, அவ்வளவுதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. சேதி எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது. கட்டாயம் கூப்பிடறேன் என்றாரே, நல்லவேளை நான் என் பேரைச் சொல்லவில்லை.

டிசம்பர் 9, புதன்

இன்றும் சுழற்றினேன். அதே குரல். கடைசியில் இலேசாக ஒரு இருமல். நேற்று இருமினாரா?

டிசம்பர் 11, வெள்ளி

ஏரிக்குப் போய் வந்தேன். ஜோனலிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். "செத்தவரைப் பேட்டி எடுக்கப் போறியா? நல்லா உடுத்திக்கிட்டுப் போ," என்றாள்.

வழியில் தூண்டில் புழு விற்கும் கடையில் நிறுத்தினேன். கடைக்காரரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"நீதிபதி இறந்தது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே."

"தலைநகரத்துலேர்ந்து யாரும் வந்து கேக்கலையா?"

"நேத்துகூட ஆளுநர் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. நீதிபதி எப்படிப்பட்டவர்னு கேட்டாங்க. நல்லவர்னேன். உயிரோட இருக்காரான்னு கேக்கலை. கேட்டா சொல்லியிருப்பேன்."

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். கேட்காததைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

ஆர்டிஸுக்கு அறுபத்தொரு வயது. ஒடிசலான உருவம், ஆண்கள் போடுகிற கம்பளிச் சட்டை. சமையலறை மேஜையில் ஒரு தாளில் அழைத்தவர்கள் பேர் வரிசையாக, அழகான கையெழுத்தில். யார் அழைத்தாலும் இவர் எடுப்பதில்லை. பக்கத்தில் நின்று, இயந்திரம் பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "பதினாறு வருஷம் முன்னால இதே மாதிரி ஒரு இருக்கை காலியாச்சு. இவர் பேரும் அடிபட்டுது. ஒரு வெள்ளிக்கிழமை போன். ஒரு பொண்ணு பேசினா. ஆளுநர் அலுவலகத்திலிருந்து பேசறோம், நீதிபதி இருக்காரான்னு கேட்டா. இவர் ஏரியில இருந்தார். ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரியற தூரம். இருநூறு அடி நடந்து கூப்பிட்டிருக்கலாம்."

"கூப்பிடலையா?"

"எனக்கு வாஷிங்டன் போகப் பிடிக்கலை. ஏரியில இருக்கார்னு சொல்லி வெச்சுட்டேன். அவர்கிட்ட சொல்லவே இல்லை, சாகற வரைக்கும். வேற ஒருத்தரைப் போட்டுட்டாங்க. இவர் ஒரு வார்த்தை பேசலை. அடுத்த மாசம் கடைக்குப் போய் இந்த மெஷினை வாங்கிட்டு வந்தார். நான் வீட்டுல இருக்கும்போதும் அதான் பேசும்."

காபியைக் குடித்து முடித்தேன்.

பிறகு என்னை ஏரிக்கு அழைத்துப் போனார். உறைந்த நீர்ப்பரப்பின்மேல் பலகையில் அடித்த ஒரு சின்ன மீன் பிடிக்கும் குடில். நாலரைக்கே இருட்டிவிட்டது. தூரத்திலிருந்தே அதன் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். தினமும் சாயங்காலம் இவர்தான் போய் விளக்கும் கணப்பும் ஏற்றி வைக்கிறாராம்.

"எதுக்குங்க?"

"ஓட்டை உறைஞ்சு போகக்கூடாதே."

உள்ளே இரண்டு நாற்காலி. நடுவில் பனிக்கட்டியில் துளை, கறுத்த தண்ணீர். நீதிபதியின் நாற்காலியின் பக்கம் தூண்டில் ஒன்று நூலை இறக்கி வைத்திருந்தது. நான் உட்காரப் போனேன். "அது வேண்டாம், இதுல உக்காருங்க," என்றார் ஆர்டிஸ். கொஞ்ச நேரத்தில் தூண்டிலின் முனை இரண்டு முறை வளைந்தது. யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை வளைந்து, நின்றது.

"மீனா?" என்றேன்.

"இரை வெக்கலையே," என்றார்.

டிசம்பர் 12, சனி

இன்றைய பத்தியில் நான் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், என்றைக்காவது என் மூஞ்சியில் நானே எறிந்துகொள்ள: "நீதிபதி ஆஸ்பி தொடர்ந்து மௌனம் காக்கிறார்."

ஒரு பொய்கூட இல்லை அதில். அதுதான் கேவலம்.

டிசம்பர் 14, திங்கள்

நிலைமை கை மீறுகிறது. பழைய மேயர், தானே போட்டியில் இருப்பவர், நீதிபதியை வியாழக்கிழமை இரும்புக்கடையில் பார்த்துக் கை குலுக்கினாராம். "கை ஜில்லுன்னு இருந்துது. இளைச்சுட்டார் மனுஷன்." வங்கித் தலைவரின் டிரைவர், ஏரிச் சாலையில் நீதிபதியின் பச்சை வண்டி தனக்கு வழி விட்டது என்கிறான். மாவட்ட அலுவலக எழுத்தர் ஒருத்தி தொலைபேசியில் அவரிடம் பத்து நிமிடம் பேசினாளாம், பயிர்க் காப்பீடு பற்றி. "அவர் ரொம்பப் பேசலை. ஆனா கேட்டுக்கிட்டிருந்தார், அது தெரிஞ்சுது."

அரசியல்வாதிகள் இல்லாததைச் சொல்வார்கள். அது எனக்குப் புதிதா? அதில்தானே என் வண்டி ஓடுகிறது. ஆனால் ஆர்டிஸைக் கூப்பிட்டு, இயந்திரத்தில் என் குரல் கேட்டு அவர் எடுத்ததும், பச்சை வண்டியைப் பற்றிக் கேட்டேன். ஏப்ரலிலேயே அரிசோனாவில் விற்றுவிட்டாராம்.

ஜோனல் சொன்னாள், "உயிரோட இருக்கறப்ப அந்த மனுஷன் இவ்வளவு சுத்தினதே இல்லை." சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

டிசம்பர் 16, புதன்

ஆளுநர் கேட்கவில்லை. இன்னும் இரண்டு நாள். ஆர்டிஸ் காலையிலும் மாலையிலும் கூப்பிடுகிறார். "இன்னைக்கும் இல்லை." அவ்வளவுதான் சொல்கிறார், வைத்துவிடுகிறார்.

கேட்கட்டுமே. ஒரு மனிதரை ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? இப்படி நான் யாருக்காகவும் வேண்டிக்கொண்டதில்லை. என் பத்திக்காகத்தானே ஆரம்பித்தேன் — எப்போது மாறியது?

டிசம்பர் 17, வியாழன்

கேட்டுவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஆர்டிஸின் அழைப்பு. "வாங்க. தனியாக் கேக்க எனக்குத் தைரியம் இல்லை." பனிக்காற்றில் நாற்பது மைல் ஓட்டினேன்.

இயந்திரத்திலிருந்து ஒலிநாடாவைக் கழற்றி, சின்ன டேப் ரிக்கார்டரில் போட்டு, சட்டைக்குள் அணைத்தபடி ஏரிக்கு நடந்தார். குடிலுக்குள் போனதும் அதை நீதிபதியின் நாற்காலியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். ஆளுநரேதான். "எல்மர், மூணு தடவை கூப்பிட்டுட்டேன். சுத்தி வளைக்கலை. இந்த இருக்கையில நீங்க உக்காரணும்னு நினைக்கிறேன். ஏத்துக்குவீங்களா? நாளைக் காலை எட்டு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க."

நாடா ஓடி நின்றது. கணப்பின் சீறல் மட்டும். ஆர்டிஸ் அழவில்லை. துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு "சரி" என்று ஒரு குரல், தாழ்வாக. ஆர்டிஸ் எழுந்தார். நானும் எழுந்தேன்.

பாதி வழி நடந்திருப்போம். ஆர்டிஸ் திரும்பி, "நீங்க எதுக்கு சரின்னீங்க?" என்றார்.

"நான் சொல்லலை. நீங்கதானே சொன்னீங்க."

இருவரும் நின்றோம். திரும்பிப் பார்க்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளெனின் எண்ணைச் சுழற்றினார். "நீதிபதி நன்றி சொல்லச் சொன்னார். பதவி வேண்டாமாம்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதாகத்தானே பேச்சு என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் அவருக்காக இவரே பதில் சொல்லிவிட்டார். அதையும் நான் சொல்லவில்லை. ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தால், அவருக்கே அது தெரிந்திருந்தது.

டிசம்பர் 18, வெள்ளி

அறிவிப்பு. மேற்குப் பக்கத்தில் தானியக் கிடங்கு நடத்தும் ஒரு பெண்மணி. என் ஏழு பேரில் இல்லை. காபிக் கடையில் என்னை எப்படி வரவேற்பார்கள் என்று யோசித்துக்கொண்டு, பத்திரிகையாளர் வரிசையில் கடைசி நாற்காலியில் சரிந்து கிடந்தேன்.

ஆளுநர் தாளை மடித்துவிட்டுச் சொன்னார், "இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேற்று மாலை நீதிபதி ஆஸ்பியுடன் நானே பேசினேன். தன்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றார். நேரில் வந்து வற்புறுத்தட்டுமா என்றேன். ஏரியில் பனிக்கட்டி இன்னும் பதினோரு அங்குலம்தான், வண்டியை மேலே ஏற்றாதீர்கள் என்று சிரித்தார்." கூட்டம் சிரித்துக் கை தட்டியது.

முடிந்ததும் கிளெனை மடக்கினேன். "அவரேவா பேசினார்?"

"பின்னே? நாலு மணிக்கு அந்தம்மா வேண்டாம்னு சொன்னாங்க. ஆளுநர் விடலை. அஞ்சு மணிக்கு நான்தான் லைன் போட்டுக் கொடுத்தேன். தொண்டை கட்டியிருந்துது, பாவம்."

ஐந்து மணிக்கு நான் ஆர்டிஸின் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். தொலைபேசி அடிக்கவில்லை.

டிசம்பர் 19, சனி

ஆளுநர் கதை கட்டுகிறார். மேடையில் நிற்பவர்கள் எல்லோரும் கட்டுவதுதான். முடிந்தது.

மாலையில் ஆர்டிஸ் கூப்பிட்டார். "வானொலியில கேட்டேன். பதினோரு அங்குலம்னாரே, அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே. இந்த வருஷம் நான் அளக்கவே இல்லை. இப்ப அளந்துட்டு வந்தேன்."

"எவ்வளவு?"

சொன்னார். நான் எழுதப்போவதில்லை.

டிசம்பர் 23, புதன்

இனி மறைக்க வேண்டாம் என்று ஆர்டிஸே சொல்லிவிட்டார். பெவர்லியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போனேன். அவள் தொலைபேசியில் யாரையோ கத்திக்கொண்டே கையை நீட்டினாள். மரண அறிவிப்பைக் கொடுத்தேன். நாலு வரி. எல்மர் ஆஸ்பி, வயது அறுபத்து நான்கு, மார்ச் 9 அன்று காலமானார். படிக்காமலே அச்சுக்கு அனுப்பினாள். ஒப்புக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டேன். நாளை வெடிக்கும்.

டிசம்பர் 24, வியாழன்

வெடித்தது. நான் நினைத்த மாதிரி இல்லை. காலையிலிருந்து முப்பது அழைப்பு. எல்லோருக்கும் ஒரே குற்றச்சாட்டு. கிளென் என்னையே கூப்பிட்டார். "ஒரு நல்ல மனுஷன் சாவையாவது ஒழுங்காப் போடக் கூடாதாய்யா? போன வாரம் பேசினவரை மார்ச்சுல கொன்னிருக்கீங்க."

பெவர்லி என் மேஜைமேல் தாளை எறிந்தாள். "தேதி ஒண்ணு. அதைக்கூடச் சரிபாக்க மாட்டே."

"அது சரியான தேதி, பெவர்லி."

"வாயை மூடு. எனக்கே போன மாசம் அவர் தொலைபேசியில கிடைச்சார்."

டிசம்பர் 28, திங்கள்

இரண்டாம் பக்கம், கீழே. 'திருத்தம்: நீதிபதி எல்மர் ஆஸ்பி காலமானது டிசம்பர் மாதம். மார்ச் என்று தவறுதலாக வெளியானது. வருந்துகிறோம்.'

முப்பது வருடத் தொழிலில் நான் எழுதிய ஒரே ஒரு நிச்சயமான உண்மை அந்த மார்ச் தேதி.

ஆர்டிஸிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஒன்பது மாசம் கூடக் கிடைச்சிருக்கு அவருக்கு," என்றார். "இருக்கட்டும்."

ஜனவரி 6, புதன்

புது செனட்டர் இன்று பதவி ஏற்றார். ஆர்டிஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டாராம், குடிலையும் கரைக்கு இழுத்துவிட்டாராம். "இப்பல்லாம் நல்லாத் தூங்கறேன்," என்றார். "அவரைக் கேட்டுட்டாங்க. அன்னைக்கு நான் கேக்க விடாம பண்ணினது, இன்னைக்குக் கேட்டாச்சு." என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பதினாறு வருடம் முன்பு, நீதிபதியின் பேர் அடிபட்ட அந்த வாரத்துப் பேப்பரின் நகல். சட்டம் போட்டு மாட்ட வேண்டுமாம்.

கீழ்த்தளத்துக் காப்பகத்தில் பழைய பேப்பர்களைப் படமெடுத்து வைத்த சுருளை ஓட்டினேன். அந்த வாரம் கிடைத்தது. ஆளுநர் புது செனட்டரை அறிவித்தது புதன்கிழமை, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில். ஆர்டிஸ் சொன்ன தொலைபேசி அதற்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை. நாள் மாறியிருக்குமோ என்று மேலும் ஓட்டினேன். சனிக்கிழமைப் பேப்பரில் ஆறாம் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இருந்தது: பனிப்புயல் எச்சரிக்கை காரணமாக ஆளுநர் மாளிகையின் கிறிஸ்துமஸ் தேநீர் விருந்து தள்ளி வைக்கப்பட்டது, வெள்ளியன்று ஆளுநர் அலுவலகத்திலிருந்து மாநிலத்தின் நீதிபதிகள் அனைவருக்கும் தொலைபேசி மூலம் தெரிவிக்கப்பட்டது.